ஓனர் கீழ்வீட்டிலா, மேனேஜர் போனிலா? கோவைப் பக்கம் வாடகைக்குப் போகும் முன்

கோவைக்கு மாற்றலாகி வரும் குடும்பங்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. வேலை சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம். அலைந்து பார்த்ததில் இரண்டு வீடு தேறியிருக்கிறது. ஒன்று கணபதியில், ஒரு தனி வீட்டின் மாடி. ஓனர் கீழே குடியிருக்கிறார், வாடகை 14,000. மற்றது துடியலூர் ரோட்டில் ஒரு அபார்ட்மெண்ட், மூன்றாவது மாடி. ஓனர் துபாயில், இங்கே ஒரு நிறுவனம் வீட்டைப் பார்த்துக்கொள்கிறது. வாடகை 18,000, மெயிண்டனன்ஸ் தனி. "ஓனர் கூடவே இருந்தா தொல்லைங்கறாங்க, மேனேஜர்னா போனே எடுக்க மாட்டாங்கங்கறாங்க. எதுக்குங்க அட்வான்ஸ் கொடுக்கறது?"

இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இந்தப் புகார்களுக்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. சம்ப் மோட்டார் எரிந்துபோன அன்றைக்கு, "சரி, மாத்திடுங்க, காசு நான் தர்றேன்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அவரை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கலாம்? ஓனர் நல்லவரா, மேனேஜர் நல்லவரா என்பதைவிட இதற்கான பதில்தான் அந்த வீட்டில் நாம் எத்தனை நாள் நிம்மதியாக இருப்போம் என்பதைத் தீர்மானிக்கிறது. கீழே வரும் ஒப்பீட்டையும் அந்தக் கண்ணோடுதான் செய்திருக்கிறேன்.

## புரோக்கர் வேறு, மேனேஜர் வேறு

நம் ஊரில் இரண்டு பேரையும் ஒன்றாகவே பேசுகிறோம். புரோக்கர் வீட்டைக் காட்டுவார், பேசி முடிப்பார், ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குவார். அத்தோடு அவர் வேலை தீர்ந்தது. மேனேஜரின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்: வாடகை வசூல், ரிப்பேர், அக்ரிமெண்ட் புதுப்பிப்பு, காலி செய்யும்போது கணக்கு முடிப்பது. வெளிநாட்டிலும் பெங்களூரிலும் இருக்கும் ஓனர்களின் பிளாட்டுகள் கோவையில் நிறைய இருப்பதால் இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்களும் இருக்கின்றன. திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நகர்ந்தால் நிறுவனத்தைப் பார்ப்பது குறைவு. அங்கே மேனேஜர் என்பவர் ஓனரின் மச்சினனாகவோ, தெருமுனை மளிகைக் கடைக்காரராகவோ, "சாவி எங்கிட்டத்தான் இருக்குதுங்க" என்று சொல்லும் புரோக்கராகவோ இருப்பார்.

2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் இந்த மேனேஜர் என்ற ஆளையும் கணக்கில் எடுத்திருக்கிறது. மேனேஜர் வைத்தால், அவர் பெயர், ஓனர் அவருக்கு அதிகாரம் கொடுத்ததற்கான ஆதாரம், எந்தெந்த வேலைக்கு, எந்தக் காலம் வரைக்கும் அந்த அதிகாரம் என்பதை வாடகைதாரருக்கு ஓனர் தெரிவிக்க வேண்டும். வாடகை வாங்கி ரசீது கொடுப்பது, அவசிய ரிப்பேர் செய்வது, நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் மேனேஜரின் கடமைகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே "லெட்டர் எதுக்குங்க, ஓனர் நமக்குப் பத்து வருசப் பழக்கம்" என்று யாராவது சொன்னால், பழக்கம் இருக்கட்டும், லெட்டரும் வரட்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

வாடகைத் தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் பலர் தவறான வீட்டுக்குப் போகிறார்கள். நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

1. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மொத்தம் எவ்வளவு பணம் போகிறது.
2. ரிப்பேருக்கு முடிவெடுப்பவர் யார்.
3. தண்ணீரும் கரண்டும் யார் கையில்.
4. வீட்டுக்குள் நம் இஷ்டம் எவ்வளவு செல்லும்.
5. ரசீது, அக்ரிமெண்ட், பான் எண் போன்ற பேப்பர்கள் கேட்டால் கிடைக்குமா.

கொங்குப் பக்கத்தில் மூன்றாவதுக்கு மற்ற ஊரைவிடக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஏன் என்று கீழே வருகிறது.

## ஓனரிடம் நேராக எடுத்தால்

பணம். டூ-லெட் போர்டைப் பார்த்துப் போன் செய்து போயிருந்தால் கமிஷன் இல்லை. இது ஒன்றே ஒரு மாத வாடகை மிச்சம். வாடகையைப் பேசிக் குறைக்கவும் முடியும், குறிப்பாகக் காலம் பார்த்துப் போனால். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் யாரும் குடி போக மாட்டார்கள். ஆனி கடைசியில் காலியான வீடு ஆவணி வரைக்கும் பூட்டிக் கிடக்கும் என்பது ஓனருக்குத் தெரியும். அந்த நேரத்தில் "இப்பவே டோக்கன் அட்வான்ஸ் தர்றேங்க, பால் காய்ச்சறது ஆவணி முதல் வாரம்" என்றால் ஐந்நூறோ ஆயிரமோ இறங்கி வருவார்கள்.

மறைந்திருக்கும் செலவு வெளியே வரும்போது வரும். "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை புடிச்சுக்குவோம்" என்பது பேச்சோடு பேச்சாகச் சொல்லப்படும், அல்லது சொல்லப்படவே படாது. வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பக்கம்தான் வருகின்றன. ஆனால் அக்ரிமெண்டில் வேறு விதமாக எழுதி நாம் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அட்டவணையைக் காட்டிப் பேசுவது கஷ்டம். ஆகவே கையெழுத்துக்கு முன்பே அந்த வரியைத் தேடுங்கள். இரண்டு வருடம் குடியிருந்தால் பெயிண்டிங் பிடித்தம் இல்லை என்று எழுதச் சொன்னால் பல ஓனர்கள் ஒத்துக்கொள்வார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

ரிப்பேர். ஓனர் கீழே இருக்கும் வீட்டின் பெரிய பலம் இதுதான். பைப் உடைந்தால் அவர் வீட்டுக் கூரையில்தான் ஈரம் இறங்கும். மோட்டார் எரிந்தால் அவர் குளியலறையிலும் தண்ணீர் வராது. நம் அவசரமும் அவர் அவசரமும் ஒன்றாகிவிடுகிறது. காலை ஏழு மணிக்குச் சொன்னால், அவருக்குத் தெரிந்த பிளம்பர் மத்தியானத்துக்குள் வந்துவிடுவார். எஸ்டிமேட், ஒப்புதல், மெயில் எதுவும் கிடையாது.

அவரைப் பாதிக்காத ரிப்பேர் மட்டும் இழுக்கும். நம் சமையலறை மேடையில் கல் பெயர்ந்திருக்கிறது, கொசுவலைக் கதவு தொங்குகிறது என்றால், "பாத்துக்கலாம் கண்ணு, தீபாவளி கழியட்டும்" என்று போகும். எந்தத் தீபாவளி என்று கேட்க முடியாது.

தண்ணீரும் கரண்டும். கோவையில் வீடு பார்க்கும்போது "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, உப்புத் தண்ணி எப்படி" என்றுதான் முதலில் கேட்பார்கள். மேற்குப் பக்கம் சிறுவாணி, மற்ற இடங்களில் பில்லூர், ஆழியாறு என்று ஏரியாவுக்கு ஏரியா மாறும். திருப்பூரில் சாயக் கழிவால் நொய்யலோரத்து நிலத்தடி நீர் கெட்டுப்போனது ஊரறிந்த கதை. அங்கே போர் தண்ணீரை மட்டும் நம்பி இருக்கும் வீட்டைக் குழாயைத் திறந்து வாயில் வைத்துப் பார்க்காமல் எடுக்கவே கூடாது. கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நாளில் வால்வைத் திறந்து சம்ப்பை நிரப்பி, மேல் தொட்டிக்கு ஏற்ற ஒரு ஆள் வேண்டும். நாம் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், அந்த ஆள் கீழ்வீட்டு அம்மாவாகத்தான் இருப்பார். காசு வாங்காமல் அவர் செய்யும் இந்த வேலைக்கு அபார்ட்மெண்டில் மாதாமாதம் மெயிண்டனன்ஸ் கட்டுகிறோம்.

கரண்ட்டில்தான் கவனம் வேண்டும். மாடிக்குத் தனி இபி மீட்டரா, சப்-மீட்டரா என்று பாருங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் நமக்கே கிடைக்கும். சப்-மீட்டர் என்றால் கீழ்வீடும் மேல்வீடும் ஒரே இணைப்பில் ஓடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் விலை அடுக்கே மாறி எகிறும். அந்தச் சுமையைச் சமாளிக்கத்தான் ஓனர்கள் "யூனிட்டுக்கு எட்டு ரூபா" என்று ஒரே விலை சொல்கிறார்கள். நாம் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ரூபாய்க் கணக்கில் 1,440 ரூபாய். தனி மீட்டர் என்றால் முதல் நூறு கழிந்து மிச்ச 80 யூனிட்டுக்கு மட்டும்தான் பில். அதுவும் கீழ் அடுக்கு விலையில் இருநூறு ரூபாயை ஒட்டித்தான் வரும். வித்தியாசம் மாதத்துக்கு அறுநூறு ரூபாய்க்குக் குறையாது. 14,000 வாடகை என்று நினைத்து எடுத்த வீடு உண்மையில் 14,600.

நம் இஷ்டம். இங்கேதான் பேச்சு சங்கடமாகிறது. வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி வேலையைப் பற்றி வராது. "நமக்கு எந்த ஊருங்க?" என்று ஆரம்பிக்கும். பிறகு எந்தக் கோயில், எந்தக் கூட்டம் (குலம்) என்று சுற்றி வளைத்து வந்து நிற்கும் இடம் எது என்று எல்லாருக்கும் தெரியும். இதை ஊர்ப்பாசம் என்று பூசி மெழுக நான் தயாரில்லை. வீடு வேண்டும் என்று வந்தவரிடம் சாதி கேட்பது அசிங்கம்தான்; அப்படிக் கேட்கும் வீட்டில் பிற்பாடு விருந்தாளி, சமையல், பண்டிகை எல்லாவற்றுக்கும் கேள்வி வரும். அசைவம் கூடாது, பத்து மணிக்கு கேட் பூட்டிவிடுவோம், பேச்சிலர் கிடையாது என்பதெல்லாம் அதே வரிசையில் வருவது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. வேலை முடிந்து திரும்பும் வரைக்கும் பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கும் குழந்தையை உட்கார வைத்து முறுக்குக் கொடுப்பதும் அதே கீழ்வீட்டு ஆத்தாதான். பார்சல் வாங்கி வைப்பார், காஸ் சிலிண்டர் இறக்கி வைப்பார், ஊரிலிருந்து வந்த முருங்கைக்காயில் நமக்கும் பங்கு வரும். வயதான பெற்றோரை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது பணத்தால் வாங்க முடியாத வசதி.

பேப்பர். இது நேரடி வாடகையின் பலவீனமான இடம். "நமக்குள்ள எதுக்குங்க அக்ரிமெண்ட்டு" என்ற பேச்சு இன்னும் போகவில்லை. வாடகையை ஜிபேயில் அனுப்புகிறோம் என்றாலும், "கையில குடுத்தர்றீங்களா" என்று கேட்கும் ஓனர்கள் உண்டு. வருமான வரியில் பழைய முறையில் வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு கேட்பவர்கள், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் கொடுத்தாக வேண்டும். மாதம் 14,000 என்றால் தாண்டிவிடும். பான் தர மறுக்கும் ஓனரிடம் வாடகை ஆயிரம் குறைவாக இருந்தும் நமக்கு லாபம் இல்லாமல் போகலாம். புது வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

## மேனேஜர் வழியாக எடுத்தால்

பணம். முதலில் கமிஷன் அல்லது சேவைக் கட்டணம். நிறுவனம் ஜிஎஸ்டி பதிவு பெற்றது என்றால் அதன் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் கூடும். பதினோரு மாதம் முடிந்து அக்ரிமெண்ட் புதுப்பிக்கும் போதெல்லாம் ஒரு தொகை கேட்கும் இடங்கள் உண்டு. வாடகை தாமதமானால் அபராதம், காலி செய்யும்போது டீப் கிளீனிங், பெயிண்டிங் பிடித்தம், ஒரு வருடத்துக்குள் கிளம்பினால் லாக்-இன் தொகை. இத்தனையும் எழுத்தில் இருக்கும், அதுதான் இதில் உள்ள நேர்மை. படிக்காமல் கையெழுத்துப் போட்டால் குற்றம் நம்முடையது.

அட்வான்ஸ் விஷயத்தில் எல்லாரும் தொகையைப் பற்றிப் பேசுகிறார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், "வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது" என்ற வாசலையும் அதிலேயே திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் ஐந்து மாதமும் பத்து மாதமும் வருகின்றன. அதைவிட முக்கியம், அட்வான்ஸ் யார் கணக்கில் போகிறது என்பது. மேனேஜர் கணக்கில் போட்டு, நடுவில் ஓனர் மேனேஜரை மாற்றிவிட்டால், காலி செய்யும் நாளில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். வாடகை மேனேஜர் கணக்குக்குப் போகட்டும், பரவாயில்லை. அட்வான்ஸ் மட்டும் ஓனர் கணக்குக்கே நேராகப் போக வேண்டும்.

ரிப்பேர். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் டிக்கெட் எண் வரும், மறுநாள் ஆள் வரும். நல்ல நிறுவனம் என்றால் குழாய், சுவிட்ச், பூட்டு போன்ற சின்ன வேலைகள் கீழ்வீட்டு ஓனரைவிட வேகமாக முடியும். அவர்களுக்கென்று எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் இருப்பார்கள். இதில் பல சின்ன வேலைகள் சட்ட அட்டவணையில் வாடகைதாரர் செலவில்தான் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்: டேப் வாஷர், சுவிட்ச், கீசர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் நம் பக்கம். பைப் லைன், வயரிங், கட்டடம் ஓனர் பக்கம்.

சிக்கல் வருவது அந்தப் பெரிய வேலைகளில். சுவருக்குள் பைப் கசிந்து படுக்கையறைச் சுவர் ஊறுகிறது. மேனேஜர் வந்து பார்க்கிறார், 22,000 ஆகும் என்கிறார். அவரால் செய்ய முடிந்தது அதோடு சரி. ஓனருக்கு மெயில் போகிறது. துபாயில் அவர் "இன்னொரு எஸ்டிமேட் வாங்குங்க" என்கிறார். அடுத்த வாரம் இன்னொருவர் வருகிறார், 19,000. "அடுத்த மாசம் ஊருக்கு வர்றேன், நேர்ல பாத்துக்கறேன்" என்று பதில் வருகிறது. இதற்குள் அலமாரியில் பூஞ்சை பிடித்துவிடுகிறது. மேனேஜர் பொய் சொல்லவில்லை, போனையும் எடுக்கிறார், மரியாதையாகவும் பேசுகிறார். அவர் கையில் பணம் செலவழிக்கும் அதிகாரம் இல்லை, அவ்வளவுதான். இதனால்தான் வீடு பார்க்கும்போதே நேராகக் கேட்கச் சொல்கிறேன்: "ஓனரைக் கேக்காம நீங்களே எவ்வளவு ரூபா வரைக்கும் ரிப்பேர் செய்யலாமுங்க?" ஐயாயிரம், பத்தாயிரம் என்று சட்டென்று ஒரு தொகை வந்தால் அது ஒழுங்காக நடக்கும் இடம். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றால், அவர் வெறும் தபால்காரர்.

எழுதித் தெரிவித்தும் ஓனர் தன் பக்க ரிப்பேரைச் செய்யாவிட்டால், நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ள வாடகைச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு எழுத்து ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் மேனேஜர் வழியில் தானாகவே சேர்ந்துவிடும். கீழ்வீட்டு ஓனரிடம் படிக்கட்டில் நின்று சொன்னது எங்கும் பதிவாகாது.

தண்ணீரும் கரண்டும். அபார்ட்மெண்ட் என்றால் தனி மீட்டர், நல்லது. தண்ணீர், குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. மேனேஜருக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும்போது மெயிண்டனன்ஸ் ஏறும், அந்த ஏற்றம் வாடகைதாரர் தலையில்தான். போன வருடம் ஏப்ரல், மே மாத மெயிண்டனன்ஸ் ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கார் நிறுத்தும் இடத்துக்குத் தனிக் காசா என்பதையும்.

நம் இஷ்டம். கேட்டைப் பூட்ட யாரும் இல்லை, சமையலறையில் என்ன வேகிறது என்று யாரும் மூக்கை நீட்டுவதில்லை. வீட்டைப் பார்க்க வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற சட்ட விதியை நிறுவனங்கள் ஓரளவு மதிக்கின்றன. இதே விதி கீழ்வீட்டு ஓனருக்கும் பொருந்தும். தொட்டி பார்க்க மாடிக்கு வருகிறவரிடம் நோட்டீஸ் கேட்டுப் பாருங்கள்! அதற்காக மேனேஜர் வழியில் பாகுபாடே இல்லை என்று நினைக்க வேண்டாம். "ஓனர் பேமிலிதான் பிரிபர் பண்றாங்க" என்று போனிலேயே நாசூக்காகக் கழற்றி விடுவார்கள். கூட்டம் கேட்க மாட்டார்கள், பெயரையும் அலுவலகத்தையும் கேட்டு அவர்களாகவே முடிவு செய்துகொள்வார்கள்.

பேப்பர். அக்ரிமெண்ட், ரசீது, உள்ளே என்னென்ன பொருள் இருக்கிறது என்ற பட்டியல், சுவரின் போட்டோ எல்லாம் ஒழுங்காக இருக்கும். காஸ் கனெக்‌ஷனுக்கு, ஆதார் முகவரி மாற்ற, பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு உடனே கை கொடுக்கும்.

ஆனால் ஓனர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் ஒரு பெரிய மறைமுகச் சுமை நம் தலையில் ஏறுகிறது. பலருக்கு இது தெரியவே தெரியாது. வரி விஷயத்தில் வெளிநாடு வாழ்பவருக்கு வாடகை கொடுக்கும்போது, தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், வாடகைதாரர்தான் டிடிஎஸ், அதாவது ஓனரின் வருமான வரியை வாடகையிலேயே பிடித்து, அரசுக்குக் கட்ட வேண்டும். விகிதம் 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. வாடகை 18,000 என்றால் 5,616 ரூபாயை நாம் பிடித்துக் கட்டிவிட்டு மிச்ச 12,384-ஐத்தான் ஓனருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு நமக்கு, வரி பிடிப்பவருக்கென்று தரப்படும் டான் எண் வேண்டும், மாதாமாதம் கட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். ஆடிட்டருக்குக் கொடுப்பது தனிச் செலவு. பிடிக்காமல் முழு வாடகையையும் அனுப்பிவிட்டால், வருமான வரித்துறை கேட்பது நம்மைத்தான். "எல்லாரும் முழுசாத்தான் கட்டறாங்க சார்" என்று மேனேஜர் சொல்வது உங்களைக் காப்பாற்றாது. ஓனரின் அப்பா கணக்குக்குப் பணம் போகிறது என்பதும் காப்பாற்றாது; பத்திரத்தில் பெயர் யாருடையதோ அவர்தான் ஓனர். ஓனர் குறைந்த விகிதத்துக்கான சான்றிதழ் வாங்கித் தந்தால் நம் பாடு கொஞ்சம் லேசாகும். டிடிஎஸ் வேலையை யார் செய்வது, அதன் செலவு யாருடையது என்று அக்ரிமெண்டில் எழுத மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து.

## ஒரு பார்வையில்

| விஷயம் | ஓனரிடம் நேராக | மேனேஜர் வழியாக |
|---|---|---|
| முதல் செலவு | அட்வான்ஸ் மட்டும்; புரோக்கர் வந்தால் கமிஷன் | அட்வான்ஸ், கமிஷன் அல்லது கட்டணம், சில இடத்தில் ஜிஎஸ்டி |
| வாடகை பேசிக் குறைப்பது | முடியும், ஆடியில் இன்னும் எளிது | மேனேஜருக்கு அதிகாரம் இருந்தால்தான் |
| சின்ன ரிப்பேர் | ஓனர் மனதைப் பொறுத்தது | வேகம் |
| பெரிய ரிப்பேர் | அவர் வீட்டையும் தொட்டால் வேகம் | ஓனர் ஒப்புதல் வரும்வரை இழுக்கும் |
| கரண்ட் | சப்-மீட்டரா என்று பார்க்க வேண்டும் | பெரும்பாலும் தனி மீட்டர் |
| தண்ணீர் | கீழ்வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் | சங்கம். கோடையில் செலவு ஏறும் |
| விருந்தாளி, அசைவம், நேரம் | கட்டுப்பாடு வரலாம் | பெரும்பாலும் இல்லை |
| ரசீது, பான் எண் | கேட்டு வாங்க வேண்டும் | ஒழுங்காக இருக்கும். என்ஆர்ஐ என்றால் டிடிஎஸ் |
| திடீரென்று காலி செய்யச் சொல்வது | "பொண்ணு வர்றா" என்று வரலாம் | வீட்டை விற்கும்போது வரலாம் |

## இரண்டுக்கும் நடுவில் ஒன்று

ஓனர் பொள்ளாச்சியிலோ கோபியிலோ தோட்டத்தில் இருக்கிறார், வீடு கோவையில். மேனேஜர் கிடையாது, போன் நம்பர் மட்டும் நம்மிடம். என்னைக் கேட்டால் இதுதான் பல குடும்பங்களுக்கு நல்ல ஏற்பாடு. முடிவெடுக்கிறவரிடமே பேசுகிறோம், ஆனால் அவர் மாடிப்படியில் நிற்பதில்லை. மாதம் ஒருமுறை தேங்காய் மூட்டையோடு வந்து பார்த்துவிட்டுப் போவார். "நீங்களே ஆளைக் கூப்பிட்டுச் செஞ்சுட்டு பில்லை அனுப்புங்க தம்பி, வாடகையில கழிச்சுக்கலாம்" என்று அவர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும். குறை ஒன்று உண்டு: தண்ணீர் வரும் நாளில் வால்வைத் திறக்க நாம்தான் இருக்க வேண்டும்.

நடுவில் இன்னொரு வகையும் இருக்கிறது, அதைக் கண்டால் ஓடிவிட வேண்டும். வீட்டை நாலைந்து லட்சத்துக்குப் போக்கியத்துக்குத் தருகிறேன், மொத்தப் பணம் கொடுத்தால் மாத வாடகை வேண்டாம் என்று ஒரு ஏஜெண்ட் வருகிறார். ஓனரிடம் அவர் அந்த வீட்டை மாத வாடகைக்கு எடுத்திருப்பார். நம் லட்சங்களை வாங்கிக்கொண்டு ஓனருக்குச் சில மாதம் வாடகை கட்டுவார், பிறகு ஆளைக் காணோம். ஓனர் வந்து, "நீங்க யாருங்க?" என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். போக்கியம், லீஸ் என்ற பேச்சு வந்தாலே ஓனரை நேரில் பார்க்காமல், வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல், பத்திரத்தைப் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய் நகரக் கூடாது.

## யாருக்கு எது

வீட்டில் சின்னக் குழந்தையோ வயதானவர்களோ இருந்து, மூன்று நான்கு வருடம் ஒரே இடத்தில் இருக்கப் போகிறீர்கள் என்றால் ஓனர் பக்கத்தில் இருக்கும் வீடு. அவர் கேட்கும் கேள்விகள் உங்களைக் குத்தாத வகையில் இருந்தால் மட்டும். கணபதி மாடிக்குச் சப்-மீட்டர் என்றே வைத்தாலும் மாதம் 14,600, துடியலூர் பிளாட்டுக்கு மெயிண்டனன்ஸைச் சேர்த்தால் 18,000-க்கு எவ்வளவோ மேலே, அதன் மேல் டிடிஎஸ் வேலை. கேள்வி கேட்ட அந்தக் குடும்பத்துக்கு நான் கணபதியைத்தான் சொல்வேன், தனி மீட்டர் வாங்கித் தருவாரா என்று ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

ஷிப்ட் வேலை, இரவு ஒரு மணிக்கு வீடு திரும்புவது, நண்பர்களோடு பகிர்ந்து இருப்பது, ஒரு வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வரலாம் என்ற நிலை: மேனேஜர் வீடு. கமிஷன் போனால் போகட்டும், கேட் பிரச்சினையோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. தனியாக இருக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் அபார்ட்மெண்டே சரிப்படுகிறது. "மாப்பிள்ளை எப்ப வருவாரு அம்மிணி" என்ற விசாரணை அங்கே கிடையாது, வாசலில் செக்யூரிட்டியும் இருக்கிறார்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து லைன் வீடு தேடுகிறவர்களுக்கு இந்தத் தேர்வே பெரும்பாலும் கிடையாது. ஓனரோ, அவருக்காக வசூல் பண்ணும் அண்ணனோதான். அங்கே பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: எத்தனை குடும்பத்துக்கு எத்தனை கழிப்பறை, கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு. வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்துவதற்கு ஓனருக்கும் உரிமை இல்லை, வசூல் பண்ணுகிறவருக்கும் இல்லை. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது.

## டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்

இபி பில்லில் இருக்கும் பெயரும் சொத்து வரி ரசீதில் இருக்கும் பெயரும் ஓனர் பெயரோடு ஒத்துப் போகிறதா பாருங்கள். ஒத்துப் போகவில்லை என்றால் அப்பா பெயர், தாத்தா பெயர் என்று காரணம் இருக்கலாம், காரணத்தைக் கேளுங்கள். மேனேஜர் என்றால் அதிகாரக் கடிதத்தின் போட்டோ, ஓனரோடு ஒரு வீடியோ கால்.

அக்ரிமெண்ட் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் அரசு இணையதளம் வழியாகப் பதிவாக வேண்டும். பதினோரு மாதம் என்று போட்டால் பதிவு வேண்டாம் என்பது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றிய பழைய கணக்கு. வாடகைச் சட்டத்தின் பதிவு அதிலிருந்து வேறு. பதிவு செய்தால் வரி வரும் என்று பயப்படும் ஓனர்கள் நிறைய. அவர்களிடம் சண்டை போடுவதைவிட, பதிவு வேலையை நானே செய்து தருகிறேன் என்று சொல்லிப் பார்ப்பது பலன் தரும்.

குடி போகும் நாளில், சாமான் இறக்கும் முன், ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். சுவரில் இருக்கும் ஆணி ஓட்டை, உடைந்த டைல்ஸ், குளியலறைக் கதவின் அடியில் ஊறிய பலகை, இபி மீட்டர் காட்டும் எண், எல்லாம். அன்றைக்கே ஓனருக்கோ மேனேஜருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். பிடித்தம் எவ்வளவு என்ற பேச்சு வரும்போது அந்த வீடியோவைத்தான் திறந்து காட்டப் போகிறீர்கள்.